தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி: நம் கடற்கரைக்கு எது தாங்கும்?

உப்புக்காற்று (ஆகஸ்ட் 9, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் செம்மண்டலம். மாடியில் சோலார் தகடு பொருத்தும் வேலை. காலையில் பேருந்து பிடித்துப் புதுச்சேரி போனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீட்டு மாடி ஏறுவேன். கத்தி இல்லாமல் ஒரு மணி நேரம் கூட ஓடாது. அட்டைப் பெட்டி பிரிக்க, கேபிள் டை அறுக்க, கயிறு வெட்ட, பிவிசி குழாயில் பிசிறு சீவ, மதியம் ஒரு வெள்ளரிக்காய் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆன்லைனில் 400 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தேன். கறுப்பு நிறம், பார்க்கப் பட்டாளத்துக் கத்தி மாதிரி இருக்கும். போன மாதம் ஒரு குழாயில் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்த முனையை வைத்து அழுத்தித் திருகினேன். பூட்டு விட்டுவிட்டது. அலகு மடங்கி வந்து ஆள்காட்டி விரலில் நடுக்கணுவுக்கு மேல் இறங்கியது. நான்கு தையல். விரல் இப்போது மடங்குகிறது, காலையில் மட்டும் விறைப்பாக இருக்கிறது.

அந்தக் கத்தி வாங்கி ஏழு மாதம்தான். அதற்குள் அலகு சுழலும் ஆணிப் பக்கமெல்லாம் துரு. அட்டையில் ஸ்டெயின்லெஸ் என்றுதான் போட்டிருந்தது.

இந்த முறை யோசித்து வாங்க நினைக்கிறேன். 2500 ரூபாய் வரை போகலாம். பூட்டு உள்ளதை வாங்குவதா, இல்லாததா? எந்த எஃகு நம் ஊர்க் காற்றைத் தாங்கும்? பேருந்தில் தினமும் கொண்டுபோனால் போலீஸ் தொந்தரவு வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்து மெக்கானிக் (ஆகஸ்ட் 9, இரவு 10:25)

தம்பி, விரல் தப்பியது பெரிய விஷயம். முதலில் அதை நன்றாக ஆற விடு.

நான் முதுநகரில் படகு எஞ்சின் பார்க்கிறேன். 20 வருடமாக உப்புத் தண்ணீரோடுதான் வாழ்க்கை, அதனால் துரு பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. எஃகில் இருக்கும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக் காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே குண்டூசி முனையளவு குழி விழுந்திருக்கும். அதுவும் திறந்த இடத்தில் தொடங்காது. ஆணி, திருகு, பிடிக்குள் அலகு படுக்கும் பள்ளம், இங்கெல்லாம் வியர்வையும் உப்பும் தங்கி அங்கிருந்துதான் கிளம்பும். உன் கத்தியில் ஆணிப் பக்கம் பிடித்ததும் இப்படித்தான்.

எஃகுப் பெயரைக் கேட்டு வாங்கு. பெயர் சொல்லாத கத்தியைத் தொடாதே. 8சிஆர்13எம்ஓவி என்று ஒரு சீன எஃகு உண்டு. அந்தப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: கார்பன் சுமார் 0.8 சதவீதம், குரோமியம் சுமார் 13. விலைக்கு மோசமில்லை. டி2 என்ற எஃகை இப்போது ஆன்லைனில் ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். கூர் நிற்கும், உண்மைதான். ஆனால் அதில் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும். படலம் போட மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கோயம்புத்தூர்க்காரனுக்கு அது நல்ல எஃகு. தேவனாம்பட்டினத்துக் காற்றுக்கு வேண்டாம்.

கடலுக்கென்றே கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்துச் செய்யும் எஃகு இருக்கிறது. ஹெச்1 என்பார்கள், ஸ்பைடர்கோ என்ற கம்பெனி அதில் சால்ட் வரிசை என்று கத்தி போட்டது. உன் பணத்துக்கு எட்டாது, மாடி வேலைக்குத் தேவையும் இல்லை.

என் பையில் இருப்பது 91 மி.மீ. விக்டோரினாக்ஸ், சுவிஸ் மடக்குக் கத்தி. 11 வருடம் ஆகிறது. அந்த எஃகு கொஞ்சம் மென்மைதான், கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 அளவில் இருக்கும். சீக்கிரம் மழுங்கும், ஆனால் கல்லில் பத்து இழுப்பு இழுத்தால் திரும்பிவிடும். இரவு வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் திறந்து அலசி, துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். 11 வருடத்தில் ஒரு புள்ளி இல்லை.

பலாத்தோப்பு (ஆகஸ்ட் 10, காலை 6:05)

மெக்கானிக் அண்ணன் சொல்வது கடலோரத்துக்குச் சரி. நான் பண்ருட்டிப் பக்கம், முந்திரியும் பலாவும். எங்களுக்குச் சாதா இரும்புக் கத்திதான் கைக்கு வரும். துருப் பிடிக்கும், ஆனால் அது மேல்துரு. தேய்த்தால் போய்விடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் தோப்பைப் புரட்டிப் போட்டது. தாத்தா காலத்துப் பலா பன்னிரண்டு அடியோடு சாய்ந்தன. அப்பா எப்போதும் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன மடக்குக் கத்தி கோத்திருப்பார், பட்டறையில் அடித்தது. கிளை கழித்துக்கொண்டிருந்தபோது எங்கோ விழுந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து வேர்க்குழியை மூடும்போது மண்ணுக்குள் கிடைத்தது. செங்கல் நிறத்தில் இருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு, செங்கல் பொடியால் தேய்த்து, கல்லில் வைத்தார். இன்றும் அதில்தான் வெற்றிலைக் காம்பு கிள்ளுகிறார். மரம்தான் திரும்பி வரவில்லை.

பலாவுக்கு ஒரு விஷயம். எந்த எஃகாக இருந்தாலும் பால் ஒட்டும். வெட்டுவதற்கு முன்பே அலகில் எண்ணெய் தடவ வேண்டும். பால் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் துடைக்க வேண்டும். மடக்குக் கத்தியில் இன்னும் கஷ்டம். பால் ஆணிக்குள் போய்க் காய்ந்தால் திறக்கவே வராது.

இடதுகை (ஆகஸ்ட் 10, காலை 8:30)

நான் பொம்மையார்பாளையத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஒட்டுக் கட்டுகிற கை, இடது கை. யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒட்டுக் கத்தியில் ஒரு பக்கம்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. வலது கைக்காரர்களுக்கான சாய்வில் நான் சீவினால் வெட்டு குழிந்துபோகும், ஒட்டுத் துண்டு தாய்ச்செடியோடு சேராது. இரண்டு வருடம் என் கைத்திறன் குறைவு என்று நினைத்து அழுதிருக்கிறேன். பிறகுதான் கத்தி மாறியது, ஒட்டும் பிடித்தது.

மடக்குக் கத்தியிலும் இதே கதை உண்டு. லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு விலகி வந்து அலகின் அடியைத் தாங்குவது. அதை விடுவிக்க வலது கைக் கட்டைவிரல் நேராகப் போகும். இடது கைக்கு வளைத்துப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் கையில் வைத்து ஒரு முறை மூடிப் பாருங்கள். படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

தம்பி, உங்கள் விரலுக்கு வருகிறேன். என் கருத்து, பூட்டே வேண்டாம். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நீங்கள் முனையில் அழுத்தினீர்கள். வில் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சாதாரண பேனாக் கத்தி என்றால் கை தானாகவே பயந்து இழுத்து அறுக்கும், குத்தாது. என் பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் பூட்டில்லாத கத்திதான் கொடுத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் ஒருவருக்கும் மடங்கி வெட்டியதில்லை.

சொல்தா பேரன் (ஆகஸ்ட் 10, மதியம் 1:15)

அக்கா, உங்கள் பெண்கள் தரையில் உட்கார்ந்து சீவுகிறார்கள். இவர் ஏணி மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கிறார். கால் நழுவினால் கத்தி எங்கே அழுந்தும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குப் பூட்டு வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற, கையால் திருகிப் பூட்டுகிற பூட்டு வேண்டும்.

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பென்ஷனோடு அவர் கொண்டுவந்த பொருளில் எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு ஒப்பினெல் கத்தி. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வெட்டுவதும் மாம்பழம் சீவுவதும் அதில்தான். அவர் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார். மேசையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோயா என்ற வட்டாரம். அங்கே 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் குடியானவர்களுக்காகச் செய்தது. மரப்பிடி, ஒரே அலகு, ஒரே ஆணி, கழுத்தில் ஒரு வளையம். அந்த வளையத்துக்கு விரோப்ளாக் என்று பெயர், 1955-இல் வந்தது. திறந்த பிறகு வளையத்தைத் திருகினால் அதன் வாய் அலகுக்கு நேரிலிருந்து விலகிவிடும். அலகு மடங்க வேண்டுமென்றால் முழு வளையத்தையும் கிழிக்க வேண்டும். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பையில் தானாகத் திறக்காது. இடது கை, வலது கை வித்தியாசமும் இல்லை அக்கா.

எண்தான் அளவு. 8-ஆம் எண்ணில் அலகு 8.5 செ.மீ., 7-இல் 8 செ.மீ. சின்ன எண்களில், அதாவது 5 வரை, வளையம் கிடையாது. கார்பன் எஃகிலும் வருகிறது, 12சி27 என்ற ஸ்வீடன் ஸ்டெயின்லெஸ்ஸிலும் வருகிறது. தம்பிக்கு ஸ்டெயின்லெஸ் 8. அலகு மெல்லியது, வெள்ளரிக்காய் பிளக்காமல் வெட்டுப்படும். தடித்த அலகுள்ள பட்டாளக் கத்தியில் அது நடக்காது, ஆப்பு வைத்தது போல் பிளக்கும்.

உப்புக்காற்று (ஆகஸ்ட் 10, இரவு 8:50)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. ஏணி மேல் நிற்பது உண்மை. பூட்டை நம்பி அழுத்தியதும் உண்மை. உப்புக்காற்றில் மரப்பிடி தாங்குமா?

துறைமுகத்து மெக்கானிக் (ஆகஸ்ட் 10, இரவு 9:30)

தாங்கும், ஆனால் மழைக்காலத்தில் மரம் ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். அதைப் பேரன் தம்பியே சொல்லட்டும்.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. நீ செய்த வேலைக்கு எந்த மடக்குக் கத்தியும் சரியில்லை. குழாய்த் துளையை அகலப்படுத்த வட்ட அரம் இருக்கிறது, படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில் இருக்கிறது. பிசிறு எடுக்க ரீமர் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அட்டைப் பெட்டிக்கு அலகை உடைத்து உடைத்து மாற்றும் பேப்பர் கட்டர் போதும். அட்டை கூர்மையைத் தின்கிற மாதிரி வேறெதுவும் தின்னாது. இந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டால் மடக்குக் கத்திக்குக் கயிறும் கேபிள் டையும் சாப்பாடும்தான் மிஞ்சும். அப்புறம் பூட்டு பற்றிய சண்டையே பாதி குறைந்துவிடும்.

இடதுகை (ஆகஸ்ட் 10, இரவு 9:55)

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏணி பற்றிப் பேரன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை.

மஞ்சக்குப்பம் வக்கீல் (ஆகஸ்ட் 11, காலை 7:20)

சட்டக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆயுதச் சட்டம் 1959. அதன் கீழ் வந்த விதிகளில் கூர்முனை ஆயுதங்கள் என்ற பட்டியலில் வாள், பிச்சுவா, ஈட்டி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் விலக்கு. நீங்கள் பேசும் கத்திகளின் அலகு மூன்றரை அங்குலத்தைத் தாண்டாது. அளவைப் பொறுத்தவரை கவலை இல்லை.

ஆனால் அளவு மட்டும் விஷயம் இல்லை. பட்டனை அழுத்தினால் தெறித்துத் திறக்கும் கத்தியை வாங்காதீர்கள். டெல்லியில் அந்த வகைக்கென்றே 1980-இல் தனி அறிவிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் அதைக் கண்டால் எந்தக் காவலரும் நல்லபடியாக நினைக்க மாட்டார். எந்தக் கத்தியாக இருந்தாலும் அதனால் ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்தினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவில் ஆயுதத்தால் காயப்படுத்தியதாகும். பழம் நறுக்கும் கத்திதானே என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

தம்பிக்கு என் யோசனை: இடுப்பில் கிளிப் போட்டு வெளியே தெரிய வைக்காதீர்கள். கருவிப் பைக்குள் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், பிளையர் ஆகியவற்றோடு இருக்கட்டும். சோதனை போடும் காவலருக்கு நீங்கள் யார் என்று அந்தப் பையே சொல்லும். மரப்பிடி போட்ட சின்னக் கத்தியும் கறுப்புப் பட்டாளக் கத்தியும் சட்டத்தில் ஒன்றாக இருக்கலாம், ராத்திரி பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒன்றில்லை. நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சென்னை மெட்ரோவில் அனுமதி இல்லை. விமானத்தில் கைப்பையில் கூடாது, உள்ளே அனுப்பும் பெட்டியில்தான் போட வேண்டும்.

திருவிழாக் கூட்டத்திலும் வேண்டாம். இது சட்டம் இல்லை, என் அனுபவம்.

உலைக்களம் (ஆகஸ்ட் 11, மாலை 5:40)

தாமதமாக வருகிறேன். நெல்லிக்குப்பம் பக்கம் அப்பாவுக்குப் பட்டறை இருந்தது. துருத்தி ஊதி வளர்ந்தவன் நான். பலாத்தோப்புக்காரர் சொன்ன கத்தி பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்ததாக இருக்கும்.

எல்லோரும் எஃகுப் பெயரைப் பேசுகிறீர்கள். அதே எஃகைத் தோய்ச்சல் கெடுத்தால் வெறும் தகரம்தான். செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இரும்பு கண்ணாடி போல் ஆகிவிடும், கீழே போட்டால் உடையும். அதன் பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி மெதுவாக மீண்டும் சூடேற்றுவார்கள். அப்போது இரும்பின் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். நீலம் வந்தால் அது ஸ்பிரிங்குக்கு ஆகும், கத்திக்கு ஆகாது. இருட்டான பட்டறையில் அப்பா அந்த நிறத்துக்காகக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் பேசினால் அடி விழும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நல்ல காசு கொடுத்து வாங்கிய கத்தியை வேகமாகச் சுற்றும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பொறி பறக்கும்போது ஓரம் நீலமாகிறதா என்று பாருங்கள். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. இனி அங்கே கூர் நிற்காது. சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை, கத்தரிக்கோல் கொடுங்கள், அவர்கள் பிழைக்கட்டும். மெல்லிய மடக்குக் கத்தியை நீங்களே கல்லில் தீட்டுங்கள்.

முறை எளிது. கல்லைத் தண்ணீரில் நனைத்து வைக்கவும், 1000 பருமன் போதும். அலகு 2 செ.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி வரும். ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே போகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மை ஓரத்தில் போகாமல் மேலே போனால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டி முடித்ததும் மறுபக்கம் விரலைக் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனையிலிருந்து அடி வரை தட்டுப்பட்டால்தான் பக்கம் மாற்ற வேண்டும். இந்த ஒன்றில்தான் எல்லோரும் அவசரப்படுவது. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இருபது முறை இழுங்கள். கூர் ஓரம் முன்னே போகும்படி இழுக்கக் கூடாது, பெல்ட் அறுந்துவிடும்.

பலாத்தோப்பு (ஆகஸ்ட் 11, இரவு 7:10)

உலைக்களம் அண்ணே, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்பிரிங் பட்டைதான் என்றார். நிறம் பார்க்கிற ஆள் இப்போது எங்கள் பக்கம் இல்லை என்றும் சொன்னார்.

உப்புக்காற்று (ஆகஸ்ட் 24, இரவு 9:15)

வாங்கிவிட்டேன். ஒப்பினெல் ஸ்டெயின்லெஸ் 8. கூடவே ஒரு ரீமர், ஒரு வட்ட அரம், ஒரு பேப்பர் கட்டர். எல்லாம் 2500-க்குள் அடங்கிவிட்டது. திறந்ததும் வளையத்தைத் திருகுவது முதல் நான்கு நாள் மறந்து மறந்து போனது. இப்போது விரல் தானாகப் போகிறது. ஏணி மேல் ஒரு கையால் திறக்க முடியாது, அது ஒரு குறை. ஏறும் முன்பே திறந்து வைப்பது ஆபத்து என்பதால் அறுக்க வேண்டிய டை எல்லாவற்றையும் இப்போது கீழேயே பார்த்து முடிக்கிறேன், மேலே பிளையர்தான்.

எடை ஐம்பது கிராம் கூட இல்லை. பையில் இருப்பதே தெரியவில்லை.

உப்புக்காற்று (நவம்பர் 3, இரவு 8:20)

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். மூன்று நாளாக விடாத மழை. மெக்கானிக் அண்ணன் சொன்னது நடந்துவிட்டது. மரம் உப்பி, அலகு உள்ளே சிக்கிக்கொண்டது. நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயர்கிறது. என்ன செய்வது?

சொல்தா பேரன் (நவம்பர் 3, இரவு 8:45)

பதறாதே. முதலில் வளையம் பூட்டாமல் இருக்கிறதா என்று பார். பிறகு கூர் உன்னை நோக்காமல் கத்தியைத் தளர்வாகப் பிடித்து, பிடியின் அடிமுனையை ஒரு கெட்டியான விளிம்பில் ஒரு தட்டு தட்டு. அலகின் நுனி பக்கம் கொஞ்சம் வெளியே எழும்பும், அதைப் பிடித்துத் திற. சவோயாக்காரர்கள் செய்கிற வழி இது, தாத்தாவும் திண்ணை ஓரத்தில் இப்படித்தான் தட்டுவார்.

நிரந்தரமாகச் சரி செய்ய, வெயில் வந்த பிறகு நன்றாக உலர்த்தி, அலகு படுக்கும் பள்ளத்தில் மணல்தாளை மடித்து விட்டு இரண்டு பக்கமும் லேசாகத் தேய். அப்புறம் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் தடவி ஊற விடு, ஆணிப் பக்கம் நிறையப் போக வேண்டும். காய மூன்று நான்கு நாள் ஆகும், இந்த ஈரத்தில் இன்னும் கூட ஆகலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே, லின்சீட் துணி சுருட்டிய நிலையில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை.

உப்புக்காற்று (நவம்பர் 3, இரவு 9:05)

மாடிப்படி ஓரத்தில் ஒரு தட்டு. வந்துவிட்டது. அம்மா என்ன சத்தம் என்று கேட்டார்.

சொல்தா பேரன் (நவம்பர் 3, இரவு 9:10)

மழை விட்டதும் ஒரு ஞாயிறு காந்தி வீதிச் சந்தைக்கு வா. எண்ணெயும் மணல்தாளும் என்னிடம் இருக்கிறது, பள்ளத்தைத் தேய்ப்பதை நேரில் காட்டுகிறேன். கத்தியைப் பைக்குள்ளேயே வைத்துக் கொண்டு வா.